நடு அறையைத் தட்டிவிட்டுத் திற

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. "நடு ரூம எதுக்கும்மா பூட்டியே வெச்சிருக்க? வீடு பாக்க வந்த புரோக்கர், உங்கம்மா சாவி குடுக்க மாட்டேங்கறாங்கன்னு எனக்கு போன் பண்றான்" என்றாய். தை கடைசியில் உன் கல்யாணம். அது முடிந்ததும் நான் உன்னோடு பெங்களூருக்கு வந்துவிட வேண்டும், இந்த வீட்டை ஒரு காண்டிராக்டருக்கு வாடகைக்கு விட்டு, வடக்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வரும் பிள்ளைகள் தங்கிக்கொள்ள வேண்டும் என்பது உன் ஏற்பாடு. ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் தெருவில் பாதி வீடு இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த அறையை என்னால் தனியாகத் திறக்க முடியாது. ஏன் என்று வாயால் சொன்னால், அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நீ ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நடுவே புகுந்து பேச உன்னால் முடியாது பார்.

நடு அறை என்றால் உனக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். அப்பா மூன்றாம் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் உத்தனப்பள்ளி கூட்ரோட்டில் இறங்கி, சாப்பிட்டுவிட்டு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஜன்னலில் வெளிச்சம் வராமல் கம்பளியைத் தொங்கவிட்டிருப்பேன். வெளியே வெயில் ஏற ஏற, உள்ளே அவருக்கு ராத்திரி. "மெதுவா பேசு, அப்பா தூங்கறாரு" என்று உன்னை நான் எத்தனை முறை அதட்டியிருப்பேன்! வாய்ப்பாட்டைக்கூட நீ கிசுகிசுத்துத்தான் படித்தாய். கதவைத் தட்டாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. திடீரென்று எழுப்பினால் மெஷினில் ஏதோ அடித்துக்கொண்டதாக நினைத்து மனுஷன் தூக்கிவாரிப் போட்டு எழுவார். ஷிப்ட் வேலைக்காரன் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அப்பா என்றால் மூடிய கதவு. உன்மேல் தப்பில்லை, அவர்மேலும் தப்பில்லை.

அதே அறையில்தான் போகியன்று மத்தியானம் பெரியவர்களுக்குப் படைப்போம். செத்துப்போனவர்களுக்கு ஆளுக்கொரு வாழையிலை, களி, அவரைக்கொட்டையில் வைக்கும் பிதுக்கம் பருப்புக் குழம்பு, அவரவருக்குப் பிடித்தது ஒன்று, புதுத்துணி, விளக்கு. எல்லாம் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே வந்துவிடுவோம், அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று. மற்ற வீடுகளில் வெளியே சும்மா நிற்பார்கள். நம் வீட்டில் மட்டும் பேச்சு உண்டு. அது உன் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, பழக்கிவிட்டது. "உள்ள சாப்படறவங்களுக்கு பேச்சுத்தொண வேணாமா? ஆளுக்கு ஒரு நல்லது சொல்லுங்க, உள்ள கேக்கற மாதிரி சொல்லுங்க. அழுவக் கூடாது, அழுதா அவங்களுக்கு சோறு எறங்காது" என்பாள். உன் தாத்தா கதையை அவள் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பக்கத்தில் முதல் பாக்டரி வந்தபோது, சங்கு ஊதியதும் தாத்தா பாதி ஓட்டிய ஏரை நிறுத்தி மாட்டை அவிழ்த்துவிடுவாராம். கேட்டால், "எனக்கும் ஷிப்ட் முடிஞ்சிச்சு" என்பாராம். பேசி முடித்ததும் கதவைத் தட்டி, "திறக்கலாமா?" என்று கேட்டு, கொஞ்சம் பொறுத்துத் திறந்து, "போய்ட்டு வாங்க" என்று வழியனுப்ப வேண்டும். அவ்வளவுதான் நம் வழக்கம். இதுவரை உனக்கே தெரியும்.

உனக்குத் தெரியாதது சென்னப்பா மாமா விஷயம். அப்பாவுக்குப் பக்கத்து மெஷின், பஸ்ஸில் பக்கத்து சீட், பேரிகை ஊர்க்காரன். அவன் வாயில் தமிழையும் தெலுங்கையும் பிரிக்க முடியாது. நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தபோது, போகிக்கு முந்தின நாள் சூளகிரி பக்கம் அவன் வண்டியை லாரி தட்டிவிட்டது. பெங்களூரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். காலை பஸ்ஸில் எல்லோரும், "சென்னப்பா போய்ட்டானாம்" என்று பேசிக்கொண்டார்கள். பஸ் சாமிப்படத்துக்கென்று, நான் வேலை செய்த பூப்பண்ணையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தனுப்பியிருந்த ரோஜாவை அப்பா அவன் ஜன்னல் சீட்டின் கம்பியில் கட்டிவிட்டு, கண் சிவந்து வீட்டுக்கு வந்தார். விசாரிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. படையலுக்கு நேரமாகிறது என்று அவனுக்கும் ஓர் இலையைப் போட்டுவிட்டோம்.

வெளியே நின்று அப்பா அவனைப் பற்றிச் சொன்னார். ஆயுத பூஜையன்று புது மெஷினுக்குப் பொட்டு வைத்தவன், பக்கத்தில் நின்ற வெளிநாட்டு இன்ஜினியருக்கும் பொட்டு வைத்து, சூடம் சுற்றி, அந்த ஆளின் பூட்ஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வைத்தானாம். அழக் கூடாது என்பதால் எல்லோரும் சிரித்தோம். கதவைத் தட்டித் திறந்தபோது மற்ற இலைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. சென்னப்பா இலையில் மட்டும் களி உருண்டையின் நடுவே கட்டைவிரலால் அழுத்திய குழி. குழம்பு ஊற்றிக்கொள்ள அவன் அப்படித்தான் குழி பறிப்பான். பூனை என்றேன் நான். ஜன்னல் சாத்தியிருந்தது.

பொங்கல் கழிந்து, அவன் கண் விழித்துவிட்டான் என்று சேதி வந்தது. உயிர் போகவே இல்லையாம். அப்பாவும் நானும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். தலையெல்லாம் கட்டு. அப்பாவைப் பார்த்ததும் முதல் பேச்சாக, "பாவா, களில உப்பே லேதே" என்றான். அன்று நான் களிக்கு உப்புப் போட மறந்திருந்தேன். அது வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அதோடு விடவில்லை அவன். "அந்த எலுமிச்சம்பழத்த நான் அந்தாளு கால்கிட்ட வெச்சேன், அவ்ளோதான். பூட்ஸுக்கு அடியில எங்க வெச்சேன்? ஏன் பாவா கூட்டிச் சொன்ன?" என்று கோபித்துக்கொண்டான். உண்மைதான், சிரிப்பு வரட்டும் என்று அதைக் கூட்டிச் சொன்னதாகப் பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா என்னிடம் ஒத்துக்கொண்டார்.

சென்னப்பா வீடு திரும்பியதும் அத்தை கறாராகச் சொல்லிவிட்டாள். "போட்ட எலைய எடுக்கக் கூடாது. வருஷா வருஷம் போட்டே ஆவணும். ஆளு உயிரோட இருந்தா வந்து உக்காந்து சாப்பிட்டுப் போவட்டும்." அப்படித்தான் ஒவ்வொரு போகிக்கும் அவன் நடு அறைக்குள் போய், தன் இலைக்கு முன்னால் உட்காருவான். நாங்கள் வெளியே கதவைச் சாத்துவோம். நீ லீவில் வந்தபோது, "மாமா எதுக்கு உள்ள போறாரு?" என்று கேட்டாய். வேண்டுதல் என்று சொல்லிவைத்தேன். வெளியே வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பூப்பண்ணையில் குளிர் அறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு உதடு வெளுத்திருக்குமே, அப்படி இருப்பான். கேட்டால் சொல்ல மாட்டான். ஆனால் கை கழுவும்போது ஒரு வார்த்தை தானாக வரும். அத்தை செத்துப்போன பிறகு வந்த போகியில், "பெரியக்கா சொல்லுது, தில்பசந்த்ல தேங்கா கம்மியாம். பழைய பேக்கரிலயே வாங்கணுமாம்" என்றான். அந்த வருஷம் பழைய பேக்கரி பூட்டியிருந்ததால், அத்தைக்குப் பிடித்த அந்தத் தேங்காய் ரொட்டியைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாங்கி அவள் இலையில் வைத்திருந்தேன்.

உனக்குப் பயம் காட்ட இதைச் சொல்லவில்லை. அப்போதெல்லாம் எனக்கும் பயம் இருந்ததில்லை. போனவர்கள் பேக்கரியில் குறை கண்டுபிடிக்கிற அளவுக்குச் சவுகரியமாக இருக்கிறார்கள் என்றால் நல்லதுதானே என்று இருந்தேன்.

பிறகு அப்பா. அவர் போனது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்திருந்தார். மூன்றாம் ஷிப்ட் முடிந்து வருகிற மனுஷன் தூங்குகிறார் என்று யாரும் எழுப்பவில்லை. நம் கூட்ரோடு வந்தது, போனது. ஷெட்டில் பஸ்ஸை நிறுத்திய பிறகுதான் டிரைவர் பார்த்தார். தூங்குகிறவரை எழுப்பாதே என்று வீட்டில் நான் போட்ட சட்டத்தைப் பஸ்ஸிலும் கடைப்பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அந்த வருஷப் போகிக்கு நீ வந்தாய். அப்பாவுக்கு முதல் இலை. கதவைச் சாத்தினோம், நான் பேசினேன், அடுத்து உன் முறை. நீ கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "நல்லது மட்டும்தான் சொல்லணும்னா எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரலம்மா. அவர் தூங்கினதுதான் ஞாபகம் இருக்கு" என்றாய். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். சென்னப்பா வெளியே வந்து வெகுநேரம் கை கழுவினான். "பாவா எலைய தொடல அக்கா. பையன் இன்னும் பேசலியேன்னு காத இந்தப் பக்கம் வெச்சிக்கினு உக்காந்திருக்காரு" என்றான். அடுத்த போகிக்கு உனக்கு வேலை. அன்றும் அப்பா சாப்பிடவில்லை. "மெலிஞ்சிட்டாரு பாவா" என்று சொல்லிவிட்டுச் சென்னப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டான். செத்தவர் மெலிவாரா என்று கேட்காதே. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. உன்னிடம் சொன்னால் குத்திக்காட்டுவதாக நினைப்பாய் என்று மறைத்தேன்.

அதற்கடுத்து வந்த ஆடியில் சென்னப்பாவும் போனான், இந்த முறை நிஜமாகவே. சர்க்கரை. ஒருமுறை ஏமாந்தவள் என்பதால் பேரிகைக்குப் போய் அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். போன வருஷப் போகி. நீ வரவில்லை. வீட்டில் நான் ஒருத்தி. எதிரில் லாரி ஓடிக்கொண்டே இருக்கும் ரோட்டில்கூட அன்று சத்தம் இல்லை, மத்தியானம் ஆகியும் பனி கலையவில்லை. வாடைக்காற்று தாங்காமல் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். நடு அறையில் இலைகளைப் போட்டு, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து பல்லில் பச்சைத்தண்ணீர்கூடப் படவில்லை, தலை சுற்றியது. படைத்து எடுக்கும்வரை உயிரோடிருக்கிறவர்கள் சாப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதபோது சட்டமெல்லாம் யாருக்கு என்று, மீந்த இலை ஒன்றைத் தரையில் விரித்து, கொஞ்சம் களி போட்டு என் முன்னால் வைத்துக்கொண்டேன். இந்த வீட்டில் பிறந்தவளாக இருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன்.

தாத்தாவின் சங்குக் கதை, அத்தை கதை, சென்னப்பாவின் எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். கடைசியில் அப்பாவைப் பற்றி. கல்யாணமான புதிதில் கிருஷ்ணகிரி டேமுக்குக் கூட்டிப்போய் வறுத்த மீன் வாங்கிக் கொடுத்து, முள்ளெடுத்து முள்ளெடுத்து என் இலையில் வைத்தாரே, அதைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் வீடு கப்சிப்பென்று ஆனது. அப்போது உள்ளேயிருந்து, தூங்குகிற ஆளுக்குப் பக்கத்தில் பேசுவதுபோல ஒரு குரல் கேட்டது. "மெதுவா பேசு, அவ தூங்கறா."

உன் அப்பா குரல், கண்ணு. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா? பின்னால் அத்தை களுக்கென்று சிரித்தாள். சென்னப்பா, "அக்கா களிக்கு உப்பு போட மறந்துச்சே, நான் அத சொல்றன்" என்று ஆரம்பித்தான். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாம் என்னைப் பற்றி. எல்லாம் நல்லது. ஒருவரும் அழவில்லை. அப்பா கடைசியில் சொன்னார்: "டேம்ல மீன் முள்ள நான் எடுத்துக் குடுத்தன்னு சொல்றா பாரு. எனக்கு எங்க முள்ளு எடுக்கத் தெரியும்? அவதான் எனக்கு எடுத்துக் குடுத்தா. பாவம், மாத்திச் சொல்றா." யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் நிஜம். எத்தனை வருஷமாக நான் மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு நடு அறைக் கதவை உள்ளேயிருந்து தட்டினார்கள். "திறக்கலாமா?" என்று கேட்டார்கள்.

அதை யார் யாரிடம் கேட்பது வழக்கம் என்று உனக்குத் தெரியும். வாசலைப் பார்த்தேன், தாழ்ப்பாள் போட்டிருந்தது. தரையைப் பார்த்தேன், என் முன்னால் இலை. சாத்திய வீட்டுக்குள் இலைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன், கதவுக்கு அந்தப் பக்கம் நாலு பேர் என்னைப் பற்றி நல்லது பேசி முடித்துவிட்டு அனுமதி கேட்கிறார்கள். வாய்வரை வந்த பதிலை எப்படி விழுங்கினேன் என்று தெரியவில்லை. வாய் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியவில்லை. கம்பெனிச் சங்கு ஊதியது. எழுந்து போய் நடு அறைக் கதவில் பூட்டைப் போட்டேன். "போய்ட்டு வாங்க" என்று நான் சொல்லவில்லை. அவர்களை வழியனுப்பவில்லை. அதனால்தான் அந்த அறை பூட்டியிருக்கிறது. உள்ளே போன வருஷத்து இலைகள் அப்படியே கிடக்கின்றன. வருஷம் முடியப்போகிறது, ஒரு நாள்கூட நாற்றம் வரவில்லை, கதவிடுக்கில் ஓர் எறும்பு போகவில்லை. முதல் ஷிப்ட் விடுகிற நேரத்துக்குச் சில நாள் பிதுக்கம் பருப்புக் குழம்பு வாசனை வருகிறது. அப்போதுதான் இறக்கிவைத்த மாதிரி, சுடச்சுட.

நீ கட்டிக்கொள்ளப்போகும் ஆனேக்கல் பெண் போன வாரம் எனக்குப் போன் செய்தாள். கன்னடமும் தமிழும் கலந்த அவள் பேச்சு காதுக்கு இனிப்பாக இருக்கிறது. "அத்தே, மாவா எப்படி இருந்தாங்க? இவர் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறார்" என்று அப்பாவைப் பற்றிக் கேட்டாள். எனக்கு உன்மேல் கோபம் வந்தது, உடனே பாவமாகவும் இருந்தது. அவளுக்கும் ராத்திரி ஷிப்ட், உனக்குப் பகல் வேலை என்கிறாய். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒருவர் தூங்கும்போது மற்றவர் சத்தமில்லாமல் இருப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அதையே குடித்தனமாக ஆக்கிவிடாதே. நாங்கள் ஆக்கிவிட்டோம். சாப்பிடும்போது அவளைப் பற்றி நல்லதாக ஏதாவது அவள் முகத்துக்கு நேராகச் சொல். கதவு சாத்தட்டும் என்று காத்திருக்காதே.

அப்பா அந்த அறையில் எப்போதும் தூங்கினார் என்று நினைக்கிறாய். பாதி நாள் தூக்கம் வராமல் படுத்திருப்பார். சாயங்காலம் டீ குடிக்கும்போது, நீ கதவுக்கு வெளியே என்னென்ன பேசினாய் என்று எனக்கு ஒப்பிப்பார். "பதிமூணாம் வாய்ப்பாட்டுல தடுமாறான் பாரு" என்பார். நீ கிசுகிசுத்ததெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. எழுந்து வெளியே வந்து உன்னிடம் பேசியிருக்கலாம். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "நான் வந்தா அவன் பேச்ச நிறுத்திடறான்" என்றார். இதை உன் நினைவாக எடுத்துக்கொண்டு நடு அறைக் கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிடாதே. இது என்னுடையது. உன்னுடையது உனக்குள் எங்கேயோ இருக்கிறது. சின்னதாக இருந்தாலும் போதும்.

அதனால் நான் கேட்பது இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் இந்தப் போகிக்கு வா. அவளையும் கூட்டி வா. சாவி அரிசிப் பானையில் இருக்கிறது. முதலில் வாசல் கதவை விரியத் திறந்து வை. பூட்டை எடு, ஆனால் கதவைத் திறந்துவிடாதே. வெளியே நின்று அப்பாவைப் பற்றி ஒன்று சொல், கூட்டிச் சொல்லாமல் சொல், திருத்துவதற்கு ஆள் உள்ளே இருக்கிறது. அப்புறம் தட்டு. "திறக்கலாமா" என்று நீ கேள். அவர்கள் முந்திக்கொண்டு கேட்டால் பதிலை நீ சொல், நான் சொல்ல மாட்டேன். எனக்கு இப்போதெல்லாம் அந்தக் கேள்விக்குச் சரி என்று சொல்லிவிடத் தோன்றுகிறது. பிறகு எல்லோரையும் "போய்ட்டு வாங்க" என்று நீயே அனுப்பிவை. வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடு.

நீ வரும்போது நான் ஹாலில்தான் இருப்பேன், அடுப்பில் குழம்பு இருக்கும். ஒருவேளை நீ கூப்பிட்டு நான் பதில் சொல்லவில்லை என்றால், ஹாலில் என் இலை மட்டும் விரித்தபடி இருந்தால், பயப்படாதே. அந்த இலையை எடுக்காதே. அப்பாவைப் பற்றிச் சொன்ன பிறகு, என்னைப் பற்றியும் ஒன்று சொல். சத்தமாகவே சொல் கண்ணு, நான் தூங்கிக்கொண்டிருக்க மாட்டேன்.

அம்மா